வலியோடு வருவோர்க்கு யோக சிகிச்சை

யோகப் பயிற்சிக் கூடங்களில் வகுப்பு பெரும்பாலும் ஒரே கட்டளையோடுதான் தொடங்குகிறது: அனைவரும் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து முதுகை நிமிர்த்திக் கொள்ள வேண்டும். நல்ல உடல்நலம் உடையவருக்கு இது பயிற்சியின் முன்னுரை மட்டுமே. முழங்கால் தேய்ந்தவருக்கும், இடுப்பெலும்பு முறிந்து தேறியவருக்கும், இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவருக்கும் அதுவே தாண்ட முடியாத வாயிற்படி. யோகத்தின் துணை யாருக்கு மிகுதியும் தேவைப்படுகிறதோ அவர்களே முதல் ஐந்து நிமிடத்தில் சுவரோரம் ஒதுங்கி நிற்க நேரிடுகிறது.

இவர்களின் தொகை சிறிதன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களுள் ஏறத்தாழ 54 லட்சம் பேர் உடல் இயக்கத்தில் குறைபாடு உடையவர்கள். அதே கணக்கெடுப்பில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 10 கோடிக்கு மேற்பட்டிருந்தனர். மூட்டு வலியாலும் முதுகு வலியாலும் நடமாட்டம் சுருங்கிப்போன முதியோருள் பலர் மாற்றுத் திறனாளிகள் என்ற கணக்கில் வருவதே இல்லை. வீட்டுத் திண்ணைக்கும் சமையலறைக்கும் இடையே அவர்கள் வாழ்க்கை அடங்கிவிடுகிறது.

அடிப்படை மருத்துவ வசதியோடு யோகமும் சிற்றூர் வரை செல்ல வேண்டும் என்பது அரசின் கொள்கை. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று சத்தீஸ்கர் மாநிலம் பீஜப்பூர் மாவட்டத்திலுள்ள ஜாங்லா என்னும் ஊரில் முதலாவது உடல்நல, நல்வாழ்வு மையம் திறக்கப்பட்டது. துணை சுகாதார நிலையங்களையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் இத்தகைய மையங்களாக மாற்றும் திட்டத்தில் யோகப் பயிற்சிக்கும் இடமளிக்கப்பட்டது. 2023இல் இம்மையங்களுக்கு ‘ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. பயிற்சி சிற்றூரை அடைந்துவிட்டது. அங்கே வலியோடு வந்து நிற்பவருக்கு அதனை எவ்வாறு பொருத்தித் தருவது என்பதே இப்போதைய கேள்வி.

ஆசனம் எதற்காக?

உடலுக்கு ஏற்பப் பயிற்சியை மாற்றுவது மரபை மீறுவதாகும் என்று சில பயிற்றுநர்கள் தயங்குவதுண்டு. இத்தயக்கத்திற்கு ஆதாரமில்லை. பதஞ்சலியின் யோக சூத்திரம் ஆசனத்திற்குக் கூறும் இலக்கணத்தில் உறுதியும் சுகமும் உண்டே தவிர, கால் எவ்விடத்தில் இருக்க வேண்டும், கை எவ்விடத்தில் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹட யோக பிரதீபிகை, இளைஞரோடு முதியோரையும் நோயுற்றோரையும் வலுவிழந்தோரையும் பயிற்சிக்கு உரியோராகவே கொள்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்நெறி மேலும் தெளிவு பெற்றது. 1924இல் லோனாவாலாவில் சுவாமி குவலயானந்தா நிறுவிய கைவல்யதாமம் ஆசனங்களின் விளைவுகளை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்க முற்பட்டது. மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகசாலை நடத்தியவரும் பின்னர் சென்னையில் வாழ்ந்தவருமான திருமலை கிருஷ்ணமாச்சாரியா (1888-1989), பயிற்சி மனிதருக்கு ஏற்ப அமைய வேண்டுமே அன்றி மனிதர் பயிற்சிக்கு ஏற்ப வளைக்கப்படலாகாது என்ற கொள்கையைத் தம் மாணவர்க்குக் கற்பித்தார். தொண்ணூறு வயதைக் கடந்த பின் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது என்றும், அறுவையை மறுத்துப் படுக்கையில் கிடந்தவாறே செய்யத்தக்க ஒரு பயிற்சி முறையைத் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டார் என்றும் கூறப்படுகிறது. அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் தனித்தனியே பயிற்சி வகுக்கும் முறைக்குப் பெயர் பெற்றது. 1975 முதல் புணே நகரில் இயங்கி வரும் தம் பயிற்சி நிலையத்தில் பி.கே.எஸ். ஐயங்கார் நாற்காலி, கயிறு, மரக்கட்டை, பட்டை, திண்டு ஆகியவற்றைத் துணைக் கருவிகளாக்கினார். பீகாரில் முங்கேர் யோகப் பள்ளியின் சுவாமி சத்யானந்த சரஸ்வதி, கால்விரல் தொடங்கிக் கழுத்து வரை ஒவ்வொரு மூட்டாக அசைக்கும் பவனமுக்தாசன வரிசையைப் பரப்பினார்.

இம்முறைகள் தம்முள் வேறுபடினும் ஒரு கேள்வி எல்லாவற்றுக்கும் பொது. குறிப்பிட்ட ஆசனம் உடலில் எதைச் செய்கிறது? அச்செயலை இந்த உடலில் வேறு எவ்வழியில் செய்விக்கலாம்? பச்சிமோத்தாசனத்தை எடுத்துக்கொள்ளலாம். அது தொடையின் பின்தசையை நீட்டுகிறது. முதுகை முன்னோக்கி வளைக்கிறது. நீண்ட வெளிமூச்சால் மனத்தை அடக்குகிறது. இடுப்புவலி உடையவருக்கு முதலாவதும் மூன்றாவதும் தேவை. இரண்டாவது தீங்கு செய்யக்கூடும். பலகையில் மல்லாந்து படுத்து, ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, ஒரு காலை மட்டும் மூச்சை விட்டவாறே உயர்த்தினால் முதுகு அசையாமல் தசை நீள்கிறது. ஆசனத்தின் தோற்றம் முற்றிலும் மாறிவிட்டது, பயன் மாறவில்லை. இதற்கு நேர்மாறானதும் நடப்பதுண்டு. முழு ஆசனத்தையே பாதி அளவிற்குச் செய்யச் சொல்லிவிட்டு, அதனை எளிமைப்படுத்திய பயிற்சி எனக் கூறுவது வழக்கமாகிவிட்டது. தீங்கான அசைவைப் பாதியாகக் குறைத்தால் பாதித் தீங்கு எஞ்சி நிற்கும்.

முதலில் மருத்துவர்

வலியோடு வருபவரைப் பயிற்சிக்கு ஏற்குமுன் மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். சில அறிகுறிகள் உள்ளபோது ஆசனம் தொடங்குவதே குற்றம் எனலாம். இரவில் ஓய்வின்போதும் தணியாத வலி, காரணமின்றி எடை குறைதல், அண்மையில் விழுந்து அடிபட்டமை, புற்றுநோய் வரலாறு, கால் நாளுக்கு நாள் வலுவிழத்தல், சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழத்தல், தொடையிடுக்கில் மரத்துப்போதல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கடைசியாகக் கூறிய இரண்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாதவை. நம் நாட்டில் இன்னொன்றையும் மறத்தலாகாது. மாலைக் காய்ச்சலும் பசியின்மையும் கூடிய முதுகுவலி முதுகெலும்புக் காசநோயாக இருக்கக்கூடும். அரிக்கப்பட்ட எலும்பை வளைத்து நிமிர்த்தப் பார்ப்பது தண்டுவடத்தையே நசுக்கிவிடலாம். மருந்து தொடங்கினால் குணமாகக்கூடிய நோய் அதனால் நிரந்தர ஊனமாக முடியும்.

வலி என்பது சேதத்தின் அளவைக் காட்டும் கருவி அன்று என்பதும் பயிற்றுநர் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும். உலக வலி ஆய்வுக் கழகம் 1979இல் வகுத்து 2020இல் திருத்திய வரையறை, வலியை உடலுணர்வும் மனவுணர்வும் கலந்த துன்ப அனுபவம் எனக் கொள்கிறது. அசைந்தால் வலிக்கும் என்ற அச்சத்தால் அசைவு குறைகிறது; அசைவு குறைந்தால் தசை மெலிகிறது; மெலிந்த தசை மூட்டைத் தாங்காததால் வலி மிகுகிறது. பல ஆண்டுகள் நீடித்த வலியில் நரம்பு மண்டலமே சிறு தூண்டுதலுக்கும் பெரிதாகப் பதில் தரப் பழகிவிடுகிறது. வலி கற்பனை என்பது இதன் பொருளன்று. மூச்சு, அமைதி, உறக்கம், நம்பிக்கை ஆகியவையும் சிகிச்சையின் உறுப்புகள் என்பதே பொருள். இக்காரணத்தால் யோகத்திற்கு இங்கே தனி இடம் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு

மராட்டிய மாநிலத்தில் பருத்தி விளையும் மாவட்டம் ஒன்றில், 57 வயதான வேளாண் கூலிப் பெண் ஒருவர் மையத்திற்கு வருவதாகக் கொள்வோம். முப்பது ஆண்டுகள் குந்தியிருந்து களை எடுத்தவர்; இடுப்பில் பை கட்டிக் குனிந்து பருத்தி பறித்தவர். இரு முழங்கால்களிலும் தேய்வு இருப்பதாக மருத்துவர் கூறியிருக்கிறார். இடுப்பு வலி உண்டு. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்கிறார். தரையில் அமர முடியவில்லை; அமர்ந்தால் எழ ஒரு கை வேண்டியிருக்கிறது.

பயிற்றுநரின் முதற்பணி ஆசனம் காட்டுவதன்று, கேட்பது. வலி எப்போது கூடுகிறது, எதனால் தணிகிறது, இரவு உறக்கம் எப்படி, எதைச் செய்ய அஞ்சுகிறார், எதைச் செய்ய விரும்புகிறார் என்பனவற்றைக் கேட்டறிய அரைமணி நேரமாவது வேண்டும். விருப்பம் பற்றிய கேள்வியே இவற்றுள் தலையாயது. வலி போக வேண்டும் என்பதே எல்லோரும் முதலில் கூறும் விடை. சற்றுப் பொறுத்துக் கேட்டால் உண்மையான விடை வெளிப்படும். இப்பெண் வேண்டுவன மூன்று எனக் கொள்ளலாம்: கழிப்பறையில் பிறர் துணையின்றி எழ வேண்டும், அடுப்படியில் அமர்ந்து சமைக்க வேண்டும், சந்தைக்குச் செல்லும் பேருந்தின் உயரமான படியில் ஏற வேண்டும். பத்மாசனம் இப்பட்டியலில் இல்லை.

அடுத்து, காண்பது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 விநாடிகளில் எத்தனை முறை எழ முடிகிறது என எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறைகூட எழ இயலவில்லையெனில் அதுவும் ஓர் அளவே. எழும்போது மூச்சை அடக்குகிறாரா, எந்தக் காலில் பாரத்தைச் சுமத்துகிறார், முழங்கால் உட்புறம் சாய்கிறதா என்பனவும் கவனிக்கத்தக்கவை. நாற்காலியைப் பற்றி ஒரு சொல். சிற்றூர் மையங்களில் கிடைக்கும் வார்ப்புப் பிளாஸ்டிக் நாற்காலி வழவழப்பான சிமெண்டுத் தரையில் வழுக்கும். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் அதன் கால் மடங்கும். சுவரில் முட்டுக்கொடுத்த மரப்பெஞ்சு அதனினும் நம்பத்தக்கது.

முதல் இரண்டு வாரங்கள் படுத்த நிலையிலேயே பயிற்சி அமைவது நல்லது. தரையில் இறங்கி ஏறுவதே துன்பமாதலால் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் கம்பளி விரிக்கலாம். வீட்டிலுள்ள கயிற்றுக் கட்டில் இதற்கு உதவாது. அது தொய்ந்து இடுப்பை வளைத்துவிடும். முழங்காலின் கீழ் சுருட்டிய துணி வைத்து, ஒரு கையை வயிற்றின்மேல் வைத்து, மூச்சு தானாக நீள்வதைச் சில நிமிடம் கவனிக்கச் செய்ய வேண்டும். பின்னர் மூச்சை உள்ளிழுக்கும்போது கைகளைத் தலைப்புறம் உயர்த்தி, விடும்போது இறக்குதல். கணுக்காலை மடக்கி நீட்டுதல். முழங்காலுக்கு அடியிலுள்ள துணியை அழுத்தியவாறு தொடையின் முன்தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து தளர்த்துதல். கடைசியாகக் கூறியது பவனமுக்தாசன வரிசையில் முழங்காற்சில்லை மேலிழுக்கும் பயிற்சியாக இடம்பெறுகிறது. இயன்முறை மருத்துவர் முழங்கால் தேய்வுக்கு முதலில் கற்பிக்கும் பயிற்சியும் ஏறத்தாழ இதுவேதான். இரு துறையினரும் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்குவதற்கு உண்மையில் காரணம் குறைவு.

இரத்த அழுத்தம் இருப்பதால் எந்நிலையிலும் மூச்சை அடக்கலாகாது. ஐந்து எண்ணுவதை வாய்விட்டு எண்ணச் செய்தால் மூச்சு தானே நடக்கும். தலை இதயத்தினும் தாழும் நிலைகளும் தவிர்க்கப்பட வேண்டும்.

மூன்றாம் வாரம் தொடங்கி அமர்தலும் எழுதலுமே ஆசனமாகின்றன. பெஞ்சின்மேல் நான்கு கம்பளிகளை மடித்துப் போட்டு உயர்த்தினால் அவர் கையூன்றாமல் எழ முடிகிறது என வைத்துக்கொள்வோம். அங்கிருந்தே தொடங்க வேண்டும். பாதங்கள் இடுப்பளவு அகன்று, குதிகால் சற்றுப் பின்தள்ளி, மார்பு முன்சாய்ந்து, மூச்சை விட்டுக்கொண்டே எழுதல். உள்ளிழுத்தவாறு மெல்ல அமர்தல். நாளொன்றுக்கு ஐந்து முறை எனத் தொடங்கி எட்டு, பத்து என உயர்த்தலாம். பத்து முறை எளிதாகும்போது ஒரு கம்பளியை எடுத்துவிடலாம். உத்கடாசனத்தின் சாரம் இதுவே. ஆயினும் அப்பெயரைச் சொல்லி அச்சுறுத்த வேண்டியதில்லை. கம்பளி ஒவ்வொன்றாகக் குறைவதைக் காண்பவருக்குத் தம் முன்னேற்றத்தைப் பிறர் எடுத்துரைக்கத் தேவையில்லை.

இதனோடு சுவரைப் பற்றி நின்று தாடாசனம், குதிகால் உயர்த்துதல், ஒரு காலை முன்வைத்து முழங்காலைச் சிறிதே மடக்கும் வீரபத்திராசனத்தின் தொடக்கநிலை ஆகியன சேரும். பேருந்துப் படிக்காக, முதலில் ஒரு செங்கல் உயரத்திலும் பின்னர் ஒரு சாண் உயரத்திலும் ஏறி இறங்கப் பழக்கலாம். ஏறும்போது வலி குறைந்த கால் முன்னும், இறங்கும்போது வலி மிகுந்த கால் முன்னும் செல்ல வேண்டும். கைத்தடி வைத்திருப்பவர் அதனை வலி மிகுந்த காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கின்றனர். இதைத் திருத்துவதற்கு ஒரு நிமிடமே ஆகும்.

எவ்வளவு வலி பொறுக்கலாம் என்பதே பயிற்சி பெறுபவர் அனைவரும் கேட்கும் கேள்வி. வலியை 0 முதல் 10 வரை எண்ணால் குறிக்கச் சொல்வது மருத்துவ வழக்கு. பயிற்சியின்போது சிறிது வலி கூடினாலும் பொறுக்கத்தக்கதாயிருந்து, முடிந்த இரண்டு மணி நேரத்திற்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் அளவு சரியே. அதற்குமேல் நீடித்தால், அல்லது மறுநாள் காலை மூட்டு வீங்கியிருந்தால், அடுத்த நாள் பயிற்சியைப் பாதியாக்க வேண்டும். குத்தும் வலி, காலில் பாயும் வலி, மரத்துப்போதல் ஆகியவற்றுக்கு இவ்விதி பொருந்தாது. அப்போது அந்த அசைவையே நிறுத்திவிட வேண்டும்.

மூன்று மாதத்தின் இறுதியில் இப்பெண் கம்பளி இல்லாத பெஞ்சிலிருந்து எழலாம், பேருந்திலும் ஏறலாம். குந்தி அமர்வது திரும்பி வராமலே போகலாம். தேய்ந்த குருத்தெலும்பு ஆசனத்தால் வளர்வதில்லை. இதனை மறைக்காமல் கூறுவதும், அதற்கேற்ப வீட்டை மாற்றச் சொல்வதும் சிகிச்சையின் பகுதியே. கழிப்பறையில் நடுவே துளையிட்ட இருக்கை ஒன்றும் சுவரில் ஒரு கைப்பிடியும் பொருத்தலாம். 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின்கீழ் எரிவாயு பெற்ற வீடுகள் பலவற்றில் புதிய அடுப்பும் பழைய விறகடுப்பைப் போலத் தரையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அதனை இடுப்பளவு மேடைக்கு உயர்த்துவது முழங்காலுக்கு எந்த ஆசனத்தினும் குறைந்த உதவியன்று.

வேறுபட்ட உடல்கள்

மேற்கூறிய வரிசையை வேறொருவருக்கு அப்படியே பெயர்த்துத் தருதல் கூடாது. எலும்புப்புரை உடைய முதிய பெண்கள் முதுகை முன்வளைக்கும் ஆசனங்களை அறவே தவிர்க்க வேண்டும். அவ்வளைவால் முள்ளெலும்பு நொறுங்கும் ஆபத்து கூடுகிறது என்பது 1984 முதலே மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. முடக்குவாதம் உடையவருக்குக் கழுத்தின் மேல்மூட்டு தளர்ந்திருக்கக்கூடுமாதலால் கழுத்தைச் சுழற்றுதலும் தலைகீழ் நிலைகளும் ஆகா. மூட்டு சிவந்து வீங்கியிருக்கும் நாட்களில் மூச்சுப் பயிற்சியும் மென்மையான அசைவுமே போதும். இடுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர் கால்மேல் கால் போடுவது குறித்தும் தாழ அமர்வது குறித்தும் அறுவை மருத்துவரின் கட்டளையை அறிந்த பின்னரே தொடங்கலாம். கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் உடையவருக்குத் தலை தாழும் நிலை எதுவும் கூடாது. நீரிழிவால் பாதம் மரத்தவரின் பாதத்தை ஒவ்வொரு நாளும் பார்த்த பின்னரே நிற்கும் பயிற்சி தரப்பட வேண்டும்.

இளம்பிள்ளை வாதத்திற்கு ஆளானோர் நிலை தனித்தது. 2011 ஜனவரியில் கடைசி நோயாளி பதிவான பின், 2014 மார்ச்சில் இந்தியாவும் அடங்கிய தென்கிழக்காசிய வட்டாரம் அந்நோய் நீங்கியதாகச் சான்றளிக்கப்பட்டது. நோய் நீங்கியதே தவிர நோயுற்றவர்கள் நீங்கிவிடவில்லை. குழந்தைப் பருவத்தில் கால் இழந்த பலர் இன்று நடுவயதிலும் முதுமையிலும் இருக்கின்றனர். பல்லாண்டு காலம் கையூன்றியும் காலிப்பர் அணிந்தும் நடந்த அவர்களுக்குத் தோளிலும் மணிக்கட்டிலும் வலி தோன்றுகிறது. எஞ்சிய தசைகளும் மெலியத் தொடங்குவதுண்டு. பயிற்சி செய்யச் செய்ய வலு கூடும் என்ற பொதுவிதி இங்கே பொய்த்துப்போகும். மிகையான பயிற்சி தசையை மேலும் தளர்த்தும். களைப்பு தோன்றுமுன் நிறுத்துவதும், ஒவ்வொரு பயிற்சிக்கும் இடையே ஓய்வு தருவதும், தோளுக்குச் சுமை ஏற்றும் ஆசனங்களை விலக்குவதும் இவர்களுக்கான நெறி. விடாமுயற்சியால் வாழ்ந்து காட்டியவர்களிடம் முயற்சியைக் குறைக்கச் சொல்வது எளிதன்று என்பதைப் பயிற்றுநர் உணர்ந்திருத்தல் வேண்டும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர், குறிப்பாகத் தண்டுவடக் காயம் உற்றவர், உணர்வற்ற தோலில் அழுத்தப் புண் தோன்றாதவாறு அடிக்கடி இருக்கையிலிருந்து பாரத்தை மாற்ற வேண்டும். அதனையே மூச்சோடு இணைத்த ஒரு பயிற்சியாக்கிவிடலாம். மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ காயம் உற்றவருக்குத் திடீரெனத் தலைவலியும் முகத்தில் வியர்வையும் தோன்றினால் அது ஆபத்தின் அறிகுறி. நிமிர்த்தி அமரவைத்து, சிறுநீர்க் குழாய் மடங்கியுள்ளதா என்பதை உடனே நோக்கி, மருத்துவரை அழைக்க வேண்டும்.

சான்றுகள் கூறுவன

யோகத்தால் எல்லா வலியும் தீரும் என்னும் விளம்பரத்திற்கும், அது வெறும் நம்பிக்கை என்னும் ஏளனத்திற்கும் இடையே உண்மை இருக்கிறது. நாட்பட்ட இடுப்பு வலி பற்றியே மிகுதியான ஆய்வுகள் நடந்துள்ளன. 2008இல் வெளியான பெங்களூரு ஆய்வொன்றில் 80 நோயாளிகள் பங்கேற்றனர். ஒரு வாரம் தங்கிப் பெற்ற தீவிர யோகப் பயிற்சி, உடற்பயிற்சியைவிட இயலாமையை மிகுதியாகக் குறைத்தது. தங்கிப் பயிலும் வாய்ப்பு கூலித் தொழிலாளருக்குக் கிட்டாது என்பதை நினைவிற்கொண்டே இம்முடிவைப் படிக்க வேண்டும். 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, நாட்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன்னர் முயலத்தக்க முறைகளுள் யோகத்தையும் சேர்த்தது. 2022இல் திருத்தி வெளியிடப்பட்ட காக்ரேன் மதிப்பாய்வு 21 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. பயிற்சியே செய்யாதிருப்பதைவிட யோகம் செய்வதால் பயன் உண்டு, ஆனால் அது சிறிதே. பிற உடற்பயிற்சிகளோடு ஒப்பிடுகையில் பெரிய வேறுபாடு இல்லை. யோகம் செய்தோருள் சிலருக்கு வலி கூடியதும் உண்டு என்பன அதன் முடிவுகள்.

சிறிய பயன் என்பதைக் கண்டு சோர்வதற்கில்லை. இவை பலருக்கு ஒரே வரிசையைக் கற்பித்துக் கண்ட சராசரிகள். நடமாட்டம் மிகக் குறைந்தவர்கள் இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்க்கப்படுவதே இல்லை. தனித்தனியே பொருத்திய பயிற்சி இதனினும் மேலான பயன் தருமா என்பது அளந்து அறியப்பட வேண்டியது. ஒவ்வொரு மையமும் எழுந்த எண்ணிக்கையையும் வலியின் எண்ணையும் முறையாகப் பதிந்து வந்தாலே அதற்கான தொடக்கம் கிடைக்கும்.

மையத்தில் செய்ய வேண்டுவன

இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. இரண்டு உறுதியான பெஞ்சுகள், ஆறு கம்பளிகள், சில மரக்கட்டைகள், துணிப்பட்டைகள், சுவரில் ஒரு கைப்பிடி ஆகியன போதும். கூடம் மாடியில் இருக்கலாகாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு மருத்துவ நிலையங்களின் எல்லாப் பகுதிகளுக்கும் தடையற்ற அணுகலை வற்புறுத்துகிறது. யோகக் கூடம் அதற்கு விலக்கன்று. நாற்காலியில் அமர்ந்து யோகம் செய்வது அரசு அலுவலகங்களுக்கும் புதிதன்று. ஊழியர்கள் தம் இருக்கையிலேயே செய்யத்தக்க பயிற்சி ஒன்றை ஆயுஷ் அமைச்சகம் 2023இல் அறிமுகப்படுத்தியதைப் பலரும் அறிவர். அலுவலருக்கு ஏற்ற நாற்காலி சிற்றூர் மூதாட்டிக்கும் ஏற்றதே.

நேரமே உண்மையான தடை. வருகைப் பதிவேட்டில் தலைகளை எண்ணுவதே அளவுகோலாக உள்ள இடத்தில், முப்பது பேர் அமர்ந்த வகுப்பு வெற்றியாகவும், ஒருவரோடு செலவிட்ட அரைமணி நேரம் வீணாகவும் தோன்றும். வாரத்தில் ஒரு பிற்பகலையேனும் தனிநபர் பயிற்சிக்கு ஒதுக்கி, அதனைத் தனிக் கணக்கில் பதிய மாவட்ட அளவிலேயே ஆணை பிறந்தாலன்றிப் பயிற்றுநர் தாமாக அதனைச் செய்ய இயலாது. பொது வகுப்பிலும் முன்வரிசையில் இரண்டு பெஞ்சுகள் போட்டு, பயிற்றுநரே சில நாள் அதில் அமர்ந்து கற்பித்தால், வலியுடையவர் ஓரத்திற்குச் செல்ல வேண்டியதில்லை.

பருத்தி பறிக்கும் பருவத்தில் மேற்குறித்த பெண் மையத்திற்கு வரப்போவதில்லை. கூலி கிடைக்கும் நாளை யாரும் இழப்பதில்லை. அதனை எதிர்பார்த்து, பருவம் தொடங்குமுன்னரே மூன்று பயிற்சிகளை மட்டும் தெரிந்தெடுத்துக் கொடுத்துவிட வேண்டும்: விடியலில் எழுமுன் கணுக்காலையும் தொடைத்தசையையும் இயக்குதல், நண்பகல் உணவுக்குப் பின் வரப்பில் அமர்ந்தவாறே பத்து நீண்ட மூச்சு, இரவில் கட்டில் விளிம்பிலிருந்து ஐந்து முறை எழுதல். வலி கூடிய நாளில் எழுதலை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் தொடரலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். பருவம் முடிந்து அவர் திரும்பி வரும் நாளில், பெஞ்சின்மேல் எத்தனை கம்பளி தேவைப்படுகிறது என்பதை முதலில் பார்த்துக் குறிப்பேட்டில் பதிந்துகொண்டு, அங்கிருந்து மீண்டும் தொடங்கலாம்.